தேயிலைத் தோட்டத்துப் பெண்ணாக நடித்தவர்

வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிப்பது என் வேலை. சிட்னியின் மேற்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடங்களாக இதைச் செய்துவருகிறேன். எப்பிங்கில் ஒரு செங்கல் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தனியாக வாழ்ந்த அந்த அம்மையாரிடம் செவ்வாயும் வியாழனும் போவேன். குளிக்கவைத்து, உடுப்பு மாற்றி, மருந்துக் குளிசைகளைக் கொடுத்து, மதியச் சாப்பாட்டைச் சூடாக்கி வைத்துவிட்டு வரவேண்டும். அவருக்கு எண்பத்தெட்டு வயது. முழங்கால்கள் போய்விட்டன. மூளை போகவில்லை. குரலோ இன்னும் மேடையில் நிற்பவருடையது. குளியலறையிலிருந்து கூப்பிட்டால் தெருவில் கேட்கும்.

முதல் நாளே எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"நான் அங்கே மூன்று மாதம் இருந்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்தோம். உன் மொழியில் எனக்கு ஒரு வாக்கியம் தெரியும் டார்லிங். தெரிந்திருந்தது. இப்போது வாயில் வரமாட்டேன் என்கிறது."

நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் என் நினைவில் அவர் தமிழில்தான் பேசுகிறார்.

"நீ தேயிலைத் தோட்டங்களுக்குப் பக்கத்திலா இருந்தாய்?" என்று கேட்டார். இல்லை, வடக்கே வவுனியா என்றேன். அது பொய்யில்லை. நான் பிறந்தது வவுனியாவில். ஆனால் அம்மாவும் அப்பாவும் எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அங்கே ஓடிவந்தவர்கள். அம்மா பத்து வயது தாண்டியதுமே கொழுந்து பறிக்கப் போனவள். சிட்னிக்கு வந்தபின் இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. என் கணவர் யாழ்ப்பாணத்தவர். அவருடைய சொந்தக்காரர்கள் நடுவில் 'ஆமா' என்பதை விட்டு 'ஓம்' என்று சொல்லப் பழகிக்கொண்டேன். தோட்டத்து ஆட்களைப் பற்றி அவர்கள் ஏதாவது கேலியாகச் சொன்னால் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து குசினிக்குள் போய்விடுவேன்.

முதுகு தேய்க்கும்போதும் தலை துவட்டும்போதும் அவர் தன் வாழ்க்கையைத் துண்டுதுண்டாகச் சொன்னார். இங்கிலாந்தின் வடக்கில் ஒரு துறைமுக ஊர். அப்பா மீன்சந்தையில் பெட்டி தூக்கியவர். பதினேழு வயதில் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். மீன்சந்தைப் பேச்சை மாற்றிக்கொள்ள, நாக்கின் கீழ் பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு வருடம் பயிற்சி. பிறகு லண்டனில் ஒரு படக் கம்பனி அவரை ஒப்பந்தம் செய்தது. முதல் மூன்று படங்களிலும் கதாநாயகியின் தோழி. நான்காவதுதான் தேயிலைப் படம், அதில் அவரே கதாநாயகி. அதற்குப் பிறகு பேய்ப் படங்கள். "பதினொரு தடவை என்னைக் கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறார்கள்," என்று விரலை மடக்கிச் சொல்வார். முப்பத்தைந்து வயதில் வேஷங்கள் குறைந்தபோது ஒரு நாடகத்தோடு மெல்பர்னுக்கு வந்தவர், இங்கே ஒரு பல் வைத்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஏழு வருடம் கொடுமைக்கார மாமியார். கணவர் இறந்த பின் சிட்னிக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, மெல்பர்னிலிருந்து அவருக்கு ஒரு பொதி வந்திருந்தது. பழைய படங்களைத் தேடியெடுத்துச் சுத்தம் செய்து திரையிடும் ஒரு குழு அனுப்பியது. தேயிலைப் படத்தின் பிரதி ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருக்கிறதாம். அவரை வீட்டுக்கு வந்து பேட்டி எடுக்கவும், மெல்பர்னில் திரையிடும்போது அவரை மேடையேற்றவும் சம்மதம் கேட்டிருந்தார்கள். உள்ளே படத்தின் குறுந்தட்டும் இருந்தது.

"அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, நான் இதைப் பார்த்து," என்றார். "போடு, போடு. நீயும் உட்கார்."

எனக்குக் குளியல் துவாய்கள் மடிக்க இருந்தன. கதிரையை இழுத்துப்போட்டு மடித்துக்கொண்டே பார்த்தேன். வண்ணப் படம். மலை, மூடுபனி, பாட்டு. வெள்ளைக்கார வாலிபன் ஒருவன் புதிய துரையாகத் தோட்டத்துக்கு வருகிறான். கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக இறங்கி வருகிறார்கள். முன்னால் வருகிறவள் தலைத்துணியை விலக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறாள்.

அது அவர்தான்.

முகம், கழுத்து, கை, கால் எல்லாம் மண்ணிறச் சாயம். மூக்கில் பெரிய வளையம். சேலையை யாரோ பொம்மைக்குச் சுற்றுவதுபோலச் சுற்றியிருந்தார்கள். அந்தக் கரிய முகத்துக்குள்ளிருந்து, நான் வாரம் இரண்டு தடவை துடைத்துவிடும் நீலக் கண்கள் என்னைப் பார்த்தன. என் கையில் துவாய் அப்படியே நின்றது.

"பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசுவார்கள்," என்று அவர் உற்சாகமாகச் சொன்னார். "கழுவ இரண்டு மணி நேரம் ஆகும். காலையில் தலையணை உறை மண்ணிறமாக இருக்கும். பாவம், அதைத் தோய்த்த பெண்."

அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள்," என்றார். பிறகு இருவரும் திரையையே பார்த்தோம்.

பாதிப் படத்தில் ஒரு காட்சி. ஆற்றங்கரை. வாலிபன் அவள் இடுப்பில் கைவைத்து அருகே இழுக்கிறான். அவள் கண்களை மூடி, தலையைச் சாய்த்து, காதலோடு, தேன் ஒழுகுவதுபோல ஏதோ சொல்கிறாள். அதுவரை அவள் பேசியதெல்லாம் உடைந்த ஆங்கிலம். இது வேறு.

"கய்யெ எதுங்கெ தோரே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு கணம் கழித்துத்தான் விளங்கியது.

கைய எடுங்க தொர.

எங்கள் அம்மாவின் பேச்சு. அம்மாவின் பேச்சேதான். படத்தில் அந்த வாலிபன், "என்ன சொன்னாய்?" என்று கேட்கிறான். அவள் ஆங்கிலத்தில் சொல்கிறாள்: "என் கையை எடுத்துக்கொள்ளுங்கள், பிரபு." அவன் அவள் கையை எடுத்து முத்தமிடுகிறான். வயலின்கள் எழுகின்றன.

பக்கத்தில் கதிரையில் அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் அசைந்தது. "கய்யெ எதுங்கெ தோரே," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கைதட்டினார். "வந்துவிட்டது! இதுதான் நான் சொன்ன வாக்கியம். விருந்துகளில் சொல்லச் சொல்லி எல்லாரும் கேட்பார்கள். என் கல்யாணத்தன்று மோதிரம் போடும்போதுகூட அவரிடம் இதைத்தான் சொன்னேன். சரியாகச் சொன்னேனா?"

"தெளிவாக இருந்தது," என்றேன்.

"கையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதானே அர்த்தம்?"

"ஓம்," என்றேன் தமிழில், தலையாட்டியபடி. அவருக்கு அது புரிந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பஸ் ஓட்டுகிறவர், சீருடையைக்கூட மாற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மனிசிக்கு எண்பத்தெட்டு வயசு," என்றார். "இனிச் சொல்லி என்ன வரப்போகுது? சந்தோசமா இருக்கட்டும், விடு."

"அவ கலியாணத்திலயும் அதைத்தான் சொன்னவவாம்."

"அதுக்குத்தான் சொல்லுறன். சொன்னா அந்த நினைப்பும் போயிடும்."

"அப்ப அதைச் சொல்லிக் குடுத்த பொம்பிளை? ஆரோ ஒருத்தி அதைச் சொல்லியிருக்கிறாளப்பா. சும்மா ஆரும் அப்பிடிச் சொல்லாயினம்."

அவர் சீருடைப் பொத்தானைக் கழற்றியபடி, "அது உன்ர அம்மான்ர ஆக்கள் எண்டபடியாத்தான் உனக்கு இவ்வளவு சுடுது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் இருபது வருடத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வியாழன் போனபோது அம்மையார் தலைவாரி, உதட்டுச் சாயம் போட்டுக்கொண்டு மேசையில் காத்திருந்தார். முன்னால் ஒரு வெள்ளை அட்டையும் பேனாவும். பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் கொடுக்க வேண்டுமாம். திரையிடும்போது அரங்கின் வாசலில் வைப்பார்களாம்.

"உன் எழுத்தில் அந்த வாக்கியத்தை அழகாக எழுதித் தா," என்றார். "கீழே அர்த்தம் நான் எழுதுகிறேன்."

பேனாவை எடுத்தேன். 'கை' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை. மெல்பர்னில் தமிழ் ஆட்கள் எவ்வளவு பேர்! யாராவது ஒருவர் அந்த வாசலில் நின்று வாசித்துச் சிரிப்பார். அல்லது சிரிக்கமாட்டார். இரண்டையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நான் செவ்வாய்க்கிழமை உங்களிடம் பொய் சொன்னேன்," என்றேன். "இதற்கு அர்த்தம் அதில்லை. 'என் மேலிருந்து கையை எடுங்கள்' என்று அர்த்தம். கெஞ்சிச் சொல்வது. வேலைக்காரப் பெண் முதலாளியிடம் சொல்வது."

அவர் என்னையே பார்த்தார். நான் சொன்னது காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். பிறகு அவர் முகத்தில் உதட்டுச் சாயத்தைத் தவிர வேறு நிறமே இல்லாமல் போயிற்று. கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் கையைத் தள்ளவில்லை," என்றார் கடைசியில். "இப்படி, இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்."

அவர் சொன்னது இதுதான். படப்பிடிப்பு தொடங்கிய இரண்டாம் வாரம். துரை பங்களாவின் வராந்தாவில் சாயங்காலத் தேநீர். காதல் காட்சியில் உள்ளூர் மொழியில் ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும் என்று இயக்குநருக்குத் தோன்றியது. கூட்டத்தில் நடிக்க வந்த தோட்டத்துப் பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டார். அம்மையாரின் அப்போதைய வயதுதான் இருக்கும், இருபத்திரண்டு. இயக்குநர் அவளை அருகே இழுத்து இடுப்பில் கையைப் போட்டார். "ஒருவன் இப்படிப் பிடித்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவளுக்கு அந்தக் கேள்வி புரிந்திருக்காது. கை புரிந்தது. தலைகுனிந்து அதைச் சொன்னாள். "என்ன இனிமையான ஓசை!" என்று எல்லாரும் கைதட்டினார்கள். அர்த்தம் என்ன என்று பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையைக் கேட்டார்கள். "கையை எடுக்கச் சொல்கிறாள், ஐயா," என்றார் அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். படத்தின் எழுத்தாளர் அதை, தன் கையைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறாள் என்று குறித்துக்கொண்டார். அவளை இன்னும் ஐந்து தடவை சொல்லச் சொன்னார்கள், அம்மையார் மனப்பாடம் செய்வதற்காக. அவ்வளவு நேரமும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

"எடுக்கச் சொல்கிறாள்," என்று அம்மையார் திரும்பச் சொன்னார். "அந்த மனிதன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். கேட்டது நாங்கள்."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னொன்றும் சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு முந்தின சாயங்காலமெல்லாம் அந்தக் கை என் மேல்தான் இருக்கும். அன்றைக்கு அவள் மேல் இருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பாடா என்று நினைத்தேன். தேநீருக்கு வைத்திருந்த கேக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்."

மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அடுத்த வாரமும் வரவில்லை. கூட்டத்தில் அவள் இடத்தில் வேறொருத்தியை நிறுத்தினார்கள். அவள் எங்கே என்று அம்மையார் கேட்கவில்லை. பேர் என்ன என்றும் கேட்டிருக்கவில்லை.

படத்தை மறுபடியும் போடச் சொன்னார். பெண்கள் வரிசையாக இறங்கி வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். அது முதல் வாரத்தில் எடுத்ததாம். நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடியும் நிறுத்தினேன். "அதோ," என்று விரலை நீட்டினார். அவருக்கு நேர் பின்னால், கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, ஒல்லியாக ஒரு பெண். முகம் பாதிதான் தெரிந்தது. படம் முழுவதிலும் அவள் இருப்பது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான். முன்னால் நின்ற சாயம் பூசிய முகத்தையும் பின்னால் நின்ற அந்த முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தபடியே அம்மாவுக்கு போன் எடுத்தேன். அம்மா இன்னும் வவுனியாவில் தம்பியோடு இருக்கிறாள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அம்மா, தோட்டத்துல இருந்தப்ப, 'கைய எடுங்க தொர'ன்னு நீ எப்பயாவது சொல்லியிருக்கியா?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"யாருடி ஒனக்கு இதச் சொன்னா?" என்றாள் அம்மா.

"யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற பேச்சா இது? அதச் சொல்லாத பொம்பள எந்தத் தோட்டத்துல இருந்தா? சொன்னா எடுத்துருவாங்களா? சாப்பிட்டியா நீ? போனை வையி, அடுப்புல சோறு இருக்கு."

காரை எடுக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று. என்னைப் பெற்று, வளர்த்து, வவுனியாக் கொட்டகையில் படுக்கவைத்துப் பாட்டுச் சொன்ன அம்மா. நாற்பத்தாறு வயதுவரை அவளிடம் நான் ஒன்றுமே கேட்டதில்லை. அவளுடைய பேச்சை மறைத்தேன், ஊரை மறைத்தேன். அதற்குள் என்ன இருந்தது என்று ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பேட்டி எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். தாடி வைத்த ஒருவர், கமெராவோடு ஓர் இளம்பெண். அம்மையார் என்னையும் கூடவே உட்காரச் சொன்னார். மலை, மழை, அட்டைக் கடி பற்றியெல்லாம் கேட்டார்கள். அவர் எதற்கும் பதில் சொல்லாமல் நேராக அந்த வராந்தாவுக்குப் போனார். தாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த இளம்பெண் கமெராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்களுக்குத் தெரியவே தெரியாது," என்றார் தாடிக்காரர். "அந்தக் காட்சியைத்தான் சுவரொட்டியில் போட்டிருக்கிறோம்." பிறகு தயங்கினார். "இயக்குநர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அவருடைய படங்களை விரும்புகிறவர்கள்தான் வருவார்கள். இது ஒரு கொண்டாட்டமாக இருக்க வேண்டும் என்று நினைத்தோம்."

"கொண்டாடுங்கள்," என்றார் அம்மையார். "நான் இதைச் சொன்ன பிறகு கொண்டாடுங்கள். இல்லையென்றால் நான் வரமாட்டேன்."

அவர்கள் மெல்பர்னுக்குப் போய்ப் பேசிவிட்டு, நான்கு நாள் கழித்துச் சம்மதித்தார்கள். சுவரொட்டியையும் மாற்றினார்கள்.

மெல்பர்னுக்கு அவருக்குத் துணையாக நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அரங்கில் சக்கர நாற்காலியைத் தள்ளி மேடையில் நிறுத்தினேன். படம் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் பேசினார், அந்தப் பெரிய குரலில், ஒலிபெருக்கி இல்லாமலே. தன் மேலிருந்த கையையும், அவள் மேலிருந்த கையையும், கேக்கையும் சொன்னார். பிறகு படம் ஓடியது. ஆற்றங்கரைக் காட்சி வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன். எனக்கு முன்வரிசையில் ஒருவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். வயலின்கள் வாசித்துக்கொண்டேயிருந்தன.

கடைசியில் கேள்வி கேட்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு பெண் எழுந்தாள். தமிழ் முகம், ஆஸ்திரேலிய ஆங்கிலம்.

"அன்றைக்கே நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?"

பலர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு கிழவியிடம் இப்படிக் கேட்கலாமா என்பதுபோல. அம்மையார் அவசரப்படவில்லை.

"எனக்கு அப்போதுதான் முதல் தடவையாகக் கதாநாயகி வேஷம் கிடைத்திருந்தது," என்றார். "அது போய்விடக் கூடாது என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன்."

அந்தப் பெண் உட்கார்ந்தாள். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அம்மையார் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அவர்கள் நிறுத்தவில்லை. பணிவு என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். "என்னை வெளியே கொண்டுபோ," என்று என்னிடம் சொன்னார். வாசலில் கை குலுக்க வந்தவர்களுக்கு அவர் கை கொடுக்கவில்லை.

டாக்ஸியில் ஏறியதும் அவருக்கு என் கம்பளிச் சட்டையைப் போர்த்திவிட்டேன்.

"நான் இன்றைக்கும் நடித்தேனா?" என்று கேட்டார். "வேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். 'கேக்' என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. உண்மையைச் சொல்லு. நடித்தேனா?"

"எனக்குத் தெரியவில்லை," என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

அவர் தலையாட்டினார். ஹோட்டலுக்குப் போனதும் பசிக்கிறது என்றார். சூப்பும் வெண்ணெய் தடவிய பாணும் வரவழைத்தேன். நானே ஊட்டிவிட்டேன். முழுவதையும் சாப்பிட்டார்.

ஆறு மாதம் கழித்து, நித்திரையிலேயே இறந்துபோனார். பத்திரிகையில் சின்னதாக ஒரு செய்தி வந்தது, பேய்ப் படங்களையும் தொலைக்காட்சி மாமியாரையும் சொல்லி. தேயிலைப் படத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சவ அடக்கத்தில் எங்களோடு சேர்த்து ஒன்பது பேர். என் கணவர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். போகிற வழியில் அவருடைய அக்கா போன் எடுத்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "இவவின்ர தோட்டத்து ஆக்களை வைச்சு எடுத்த படத்தில நடிச்ச ஒரு மனிசி செத்துப்போச்சு, அங்க போறம்," என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.